வெஸ்டர்வால்டில் ஒரு ஜப்பானியச் சூளை: நாலு நிமிடத்துக்கு மூன்று விறகு

ஜப்பானில் கராட்சு என்று ஒரு ஊர் இருக்கிறது. கியூஷூ தீவின் வடக்குக் கரையில், நானூறு வருடங்களுக்கு மேலாக மண்பாண்டம் செய்துவரும் ஊர். அங்கே போவதற்கு நான் ஏழு வருடம் திட்டம் போட்டேன். எந்த மாதத்தில் மழை, எந்தச் சூளை எந்தத் தெருவில், எந்தக் கடையில் கணவாய் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இந்தக் கட்டுரை கராட்சுவைப் பற்றியது அல்ல. விமானச் சீட்டு விலை பார்க்கலாம் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்த இடம் ஜேர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பக்கத்தில் இருக்கும் ஹோர்-கிரென்ஸ்ஹவுசன். நான் இருக்கும் வுப்பர்டாலில் இருந்து மூன்றரை மணித்தியாலம், மாதாந்த டொய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி விளங்காது. என் தொழில் பல் செய்வது. பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கானில் பல்லைக் கட்டி, சூளையில் சுட்டுக் கொடுப்போம். சூளை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், ஒரு சோற்றுப் பானை அளவுதான். எங்கள் லாபோரில், அதாவது பல் செய்யும் கூடத்தில், ஒன்பது வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் மிஹோ. கராட்சு அவளுடைய சொந்த ஊர். எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் அந்த ஊரின் வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைப் பார்த்துத்தான் கதை. இரண்டு பேரும் ஒன்றாகப் போவது என்று பேச்சு.

ஐந்து வருடத்துக்கு முன் அவள் லாபோரை விட்டாள். பல் போதும், இனிக் கிண்ணம் செய்யப் போகிறேன் என்று வெஸ்டர்வால்ட் பக்கம் போய்க் குயவுத் தொழில் பழகினாள். தன் முதல் சூளையில் இருந்து வந்த தேநீர்க் கிண்ணம் ஒன்றை என் பிறந்தநாளுக்குத் தந்தாள். விறகுச் சாம்பல் உருகி ஓடிய பச்சை, அடியில் செம்மண் நிறம், நல்ல வடிவு. ஆனால் விளிம்பில் ஒரு சின்னக் கல் வெடித்து மேலே தள்ளி நின்றது. பக்கத்தில் ஊசி முனை அளவில் இரண்டு குழி. உதடு படுகிற இடம். இருபது வருடமாக, வாய்க்குள் போகிற எதுவும் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று பழகிய கை என்னுடையது. அந்தக் கை சும்மா இருக்குமா?

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகு கிண்ணத்தை லாபோருக்குக் கொண்டுபோனேன். வைரத்தூள் பதித்த அரத்தால் அந்தக் கல்லைத் தேய்த்து எடுத்தேன். குழிகளைப் பல் அடைக்கும் பசையால் நிரப்பி, நீல வெளிச்சம் காட்டி இறுக்கி, ரப்பர் சில்லில் மினுக்கினேன். நிறம்கூடப் பல் நிற அட்டையில் பார்த்து A3 எடுத்தேன், அவ்வளவு பொருத்தம். அடுத்த மாதம் மிஹோ வீட்டுக்கு வந்தபோது அதிலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பார், சரியாக்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் கிண்ணத்தை ஒரு சுற்றுத் திருப்பினாள். தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாள். தானே கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு மூன்று வருடம் அவளைக் காணவில்லை. என் செய்திகளுக்கு முதலில் இரண்டு சொல்லில் பதில் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

எனக்கு அவள் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அக்கா தங்கை இல்லாமல் வளர்ந்தவள் நான். அவளுடைய மேசையில் இப்போது கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், நல்ல பிள்ளை, ஆனாலும் மத்தியானம் பன்னிரண்டரை ஆனால் என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. இந்த செப்டெம்பரில், மிஹோவின் பட்டறை சூளை எரிக்கப் போகிறது, சனிக்கிழமை ஒரு மணி முதல் நாலு மணி வரை யாரும் வந்து பார்க்கலாம் என்று இணையத்தில் ஒரு அறிவித்தல் கண்டேன். போய் நேரே மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

"ஒரு மெசேஜ் போட்டிட்டுப் போமன்," என்றார் என் கணவர் சுதன்.

"போட்டால் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவாள்."

"அப்ப வரவேண்டாம் எண்டுதானே அர்த்தம்?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ," என்றேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. மனஸ்தாபம் வந்தால் பலகாரத்தைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பது. கதவைத் திறந்த பிறகு யாரும் துரத்த மாட்டார்கள். முதல் நாள் இரவே இருபத்தைந்து ரோல்ஸ் பொரித்து ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிவிட்டேன். லாபோர் நாட்களில் மிஹோ ஒரே இருப்பில் ஐந்து சாப்பிடுவாள்.

இனிப் பயணம். வுப்பர்டால் பிரதான நிலையத்தில் காலை 7.38க்குப் பிராந்திய ரயில், கேல்னில் 8.17. அங்கே அரை மணித்தியாலம் இருக்கிறது, கழிவறைக்குப் போவதென்றால் இங்கேயே போய்விடுங்கள், ஒரு யூரோ சில்லறை கையில் இருக்கட்டும். 8.46க்குக் கோப்ளென்ஸ் ரயில். கட்டாயம் இடது பக்க யன்னலில் இருங்கள், ரெமாகன் தாண்டியதும் ரைன் நதி ரயிலோடு கூடவே வரும். வலது பக்கம் இருந்தால் மதிலும் காரும்தான் கிடைக்கும். 10.12க்குக் கோப்ளென்ஸ். டொய்ச்லாண்ட் டிக்கெட் இப்போது மாதம் 58 யூரோ. ரயில், பேருந்து எல்லாம் அதற்குள் அடங்கும், எனக்கு மேலதிகமாக ஒரு சதமும் போகவில்லை.

கோப்ளென்ஸ் நிலைய வாசலில் இருந்து 10.32க்குப் பேருந்து. சாரதி என்னை ஒரு தரம் பார்த்தார், என் கையில் இருந்த டின்னை ஒரு தரம் பார்த்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"தமிழோ?"

"ஓம் அண்ணை."

"மணம் சொல்லுது," என்றார். "எங்கை போறியள்?"

ஹோர்-கிரென்ஸ்ஹவுசன் என்றேன். சட்டி பானை பார்க்க என்றேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உதுக்கே இவ்வளவு தூரம் வாறியள்? ஒன்லைனிலை வாங்கினால் வீட்டை கொண்டுவந்து தருவாங்களே," என்றார். பிறகு, இறங்கும்போது, "தங்கச்சி, சனிக்கிழமை பின்னேரம் மணித்தியாலத்துக்கு ஒண்டுதான். ஆறு இருபத்தஞ்சை விட்டியள் எண்டால் ஏழு இருபத்தஞ்சு வரைக்கும் தரிப்பிடத்திலை நிக்கவேணும். அந்த ஏழு இருபத்தஞ்சைத்தான் நான் ஓடுறன்," என்று சொல்லிவைத்தார். அவருக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்தேன். டின்னில் இருபத்துமூன்று மிஞ்சியது.

11.04க்கு இறங்கினேன். கோப்ளென்ஸில் இருந்து பதினாறு கிலோமீற்றர் அளவுதான், ஆனால் பேருந்து மலை ஏறுகிறது, காற்று குளிர்கிறது. இந்தப் பக்கத்து மண் ஐரோப்பா முழுக்கப் பேர் போனது. பிராங்பேர்ட் பக்கம் அப்பிள் வைன் ஊற்றுவார்களே, சாம்பல் நிறத்தில் நீலப் பூ வரைந்த கூசா, பிடி வைத்த மண்ஜாடி, அது இங்கே பிறந்ததுதான். சூளை நன்றாகக் கொதித்த பிறகு மேல் துளை வழியே உப்பை அள்ளிப் போடுவார்கள். சாதாரண உப்பு. அது ஆவியாகி மண்ணோடு ஒட்டிக் கண்ணாடிப் படலமாகிவிடும். தொட்டுப் பார்த்தால் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். எங்கள் லாபோரில் ஒரு பல் இப்படி வந்தால் குப்பைக்குத்தான் போகும். இங்கே அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஊரில் இருக்கும் மட்பாண்ட அருங்காட்சியகத்துக்கு நான் போன அன்று ஏழு யூரோ. ஒரு மணித்தியாலம் தாராளமாக வேண்டும். நான் நாற்பது நிமிடத்தில் ஓடி முடித்தேன், மனம் அங்கே இல்லை. பழைய கூசாக்களின் அடியில், அவற்றைக் குயவன் சக்கரத்தில் இருந்து அறுத்தெடுத்த நூலின் கோடுகள் அப்படியே இருக்கின்றன. முந்நூறு வருடத்துக்கு முன் ஒருவன் நூலை இழுத்த வேகம்கூடத் தெரிகிறது. யாரும் அதைத் தேய்த்துவிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு முகம் சுட்டது. வெளியே வந்து ஒரு வெதுப்பகத்தில் தேநீரும் பிளம்ஸ் கேக்கும் எடுத்தேன், 6.40 யூரோ. கேக் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

மிஹோவின் பட்டறை ஊருக்குள் இல்லை, பக்கத்துக் கிராமத்தில். பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டதால் எழுதவில்லை. நாலரைக் கிலோமீற்றர், பெரும்பகுதி பீச் மரக்காடு, பாதை தெளிவாக இருக்கிறது. எனக்கு ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் பிடித்தது. காட்டின் கடைசி வளைவில் முதலில் புகையின் மணம் வருகிறது. அங்கே ஒரு மரக்குற்றியில் இருந்து, சொல்ல வேண்டிய வசனத்தை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன். சுதன் சொன்னதும் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

சூளை நான் நினைத்ததைவிடப் பெரியது. ஏழு மீற்றர் நீளம், சரிவில் பாதி மண்ணுக்குள் புதைந்து, எருமை படுத்திருக்கிற மாதிரி முதுகு மட்டும் தெரிகிறது. மேலே தகரக் கூரை. அதன் உச்சியில் ஒரு சின்னத் தட்டில் அரிசியும் உப்பும், பக்கத்தில் ஒரு குப்பி சாகே அரிசிமது. நெருப்பு வைப்பதற்கு முன் படைப்பது அவர்கள் வழக்கம். எங்கள் ஆட்கள் என்றால் ஒரு தேசிக்காயும் வெட்டியிருப்பார்கள். பார்க்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஜேர்மன்காரர், கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே பியர் போத்தலோடு நின்றார்கள். அடுப்பு வாயின் முன், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, கருகிப்போன கையுறையோடு முக்காலியில் மிஹோ இருந்தாள்.

நான் விட்ட பிழை அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடக் கதையைப் பேசுவதற்கு, ஒரு மனிசி அசையவே முடியாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறேன். சூளை அன்றைக்கு மூன்றாம் நாள் எரிந்துகொண்டிருந்தது. நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் இரும்புக் கதவைத் திறந்து மூன்று விறகு போட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிறகு வெப்பத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். 1,240 பாகை. மத்தியானம் பன்னிரண்டில் இருந்து பின்னேரம் ஆறு வரை அவளுடைய முறை. விறகு கொண்டுவந்து கொடுக்க யோர்க் என்று ஒரு உயரமான மனிதர் இருந்தார்.

நாங்கள் பேசியது ஜேர்மன் மொழியில். ஆனால் மிஹோ என் தலைக்குள் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பாள், அப்படியே எழுதுகிறேன். அவள் என்னைக் கண்டாள். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"வந்திட்டியே," என்றாள். "கயிறைத் தாண்டி வா. விறகுக்குக் கிட்ட நிக்காதை."

பக்கத்தில் ஒரு கட்டை கிடந்தது, அதில் இருந்தேன். முதல் நாலு நிமிடம் ரயிலைப் பற்றிச் சொன்னேன். ரைனைப் பற்றிச் சொன்னேன். முக்காலிக்குப் பக்கத்தில் நாலு நிமிடத்துக்குத் திருகி வைத்திருந்த சமையலறை மணிக்கூடு கிர்ரென்று அடித்தது. அவள் எழுந்து கதவைத் திறந்தாள், வெள்ளை வெளிச்சம், மூன்று விறகு, கதவு. புகைபோக்கியில் இருந்து ஒரு கரும்புகை எழும்பிப் பிறகு மெலிந்தது. கொப்பியில் எழுதினாள். முக்காலியில் வந்து இருந்தாள்.

"மன்னிச்சுக்கொள்," என்றேன். காட்டில் சொல்லிப் பார்த்த நீண்ட வசனத்தில் இவ்வளவுதான் மிஞ்சியது.

"எதுக்கு?"

"கிண்ணத்துக்கு. நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது."

அவள் நெருப்புத் தெரியும் சின்னத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. எழுந்து விறகு போட்டாள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த நாலு நிமிடம் நீண்டது மாதிரி வேறு எந்த நாலு நிமிடமும் எனக்கு நீண்டதில்லை.

"கிண்ணம் போகட்டும்," என்றாள் திரும்பி வந்து. "லாபோரிலை ஒன்பது வருசம் நீ என்ர பல்லைத் திருத்தினனி. எனக்குத் தெரியும்."

அது உண்மை. மிஹோ நாலரைக்குப் போய்விடுவாள், நான் ஐந்து மணி வரை இருப்பேன். அடுத்த நாள் அனுப்பவேண்டிய அவளுடைய பற்களை ஒரு தரம் எடுத்துப் பார்ப்பேன். ஒரு விளிம்பு, ஒரு மினுக்கம், கொஞ்சம் நிறம். முதலாளி கண்ணில் படுவதற்கு முன் சரியாக்கி அதே இடத்தில் வைத்துவிடுவேன். யாருக்கும் சொன்னதில்லை, சுதனுக்குக்கூட. அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லிக்காட்டாமல் செய்வதால் அது இன்னும் நல்ல செயல் என்றும் நினைத்திருந்தேன்.

"எப்பிடித் தெரியும்?"

"நான் செய்த பல் எனக்குத் தெரியாதே? காலமை வந்து பாத்தால் வேற ஒராளின்ர பல் இருக்கும்." அவள் சத்தத்தில் கோபம் இல்லை. "சிலது நீ தொட்டு நல்லா வந்தது. சிலது முந்தி இருந்ததுதான் நல்லம். ஆனால் எல்லாத்தையும் தொட்டனி. ஒன்பது வருசம் இருந்து, எனக்கு வேலை தெரியுமோ தெரியாதோ எண்டு எனக்கே தெரியாமல் போட்டுது. அதுதான் விட்டிட்டு வந்தனான்."

"சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டிருக்கலாமே," என்றாள். மணி அடித்தது.

அவள் விறகு போடும்போது நான் அழுதேன். புகை என்று யோர்க் நினைத்திருப்பார், ஒரு துணியைக் கொண்டுவந்து தந்தார். எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் கேட்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பை காலியானால் சோறு விழும். போதும் என்று கையை வைத்து மறைத்தால் கையை விலக்கிவிட்டுப் போடுவோம். மகனின் சேர்ட்டை இழுத்துச் சரிசெய்வோம், விருந்தாளியின் சூட்கேசை நாங்களே அடுக்கிக் கொடுப்போம். எனக்குத் தெரிந்த அன்பு அதுதான். அதை ஒருத்தி ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்து வேறு விதமாக வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. இதைச் சொல்லி நியாயம் கேட்கலாம் என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மூன்றரை மணிக்கு டின்னைத் திறந்தேன். யோர்க் நாலு எடுத்தார். பியர் போத்தல்காரர்கள் வரிசையாக வந்தார்கள். மிஹோ கையுறையைக் கழற்றாமல் வாயைத் திறந்தாள், நான் ஊட்டிவிட்டேன். இரண்டாவதை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. "இன்னொண்டு வேணுமோ?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய சிரிப்பைக் கேட்டு மூன்று வருடம். "ஓம், வேணும்," என்றாள். அதன் பிறகு பழைய மாதிரிக் கொஞ்சம் கதைத்தோம், நாலு நாலு நிமிடமாக. லாபோரில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், முதலாளியின் புதுப் பல். அவருக்கு நான்தான் செய்தேன் என்றதும், திருத்தாமலோ என்று கேட்டாள்.

நாலரை இருக்கும். மற்றவர்கள் போய்விட்டார்கள். கொப்பியில் எழுதிக்கொண்டே சொன்னாள்: "இது இஞ்சை என்ர கடைசிச் சூளை. நவம்பரிலை கராட்சுவுக்குப் போறன். அங்கை ஒரு பட்டறை எடுத்திருக்கிறன். திரும்பி வாற மாதிரி இல்லை."

இந்த இடத்தில் என் தலைக்குள் என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். விசாதான் பிரச்சினை என்றால் அதற்கு ஒரு அன்ட்ராக், விண்ணப்பம், இருக்கிறது, எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் ஹம் நகரில் இருக்கிறார், திங்கட்கிழமையே அவரைப் பார்க்க ஒரு டெர்மின் எடுக்கலாம். வருமானம்தான் பிரச்சினை என்றால் எங்கள் கோயில் திருவிழாவில் ஒரு கடை போடலாம், நான் இருந்து விற்றுத் தருவேன். பட்டறைதான் வேண்டும் என்றால் வுப்பர்டாலிலேயே பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் எத்தனை சும்மா கிடக்கின்றன. மூன்று திட்டம், ஒரு நிமிடத்துக்குள். போகாதே என்ற ஒரு சொல்லைத்தான் அவ்வளவு சோடித்து வைத்திருந்தேன்.

அவளுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. அவளுக்கு அங்கே போக விருப்பம். முகத்திலேயே எழுதியிருந்தது.

"உதவி ஏதும் வேணுமோ?" என்று கேட்டேன்.

நாற்பத்தொரு வயதில், அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மணி அடித்தது, விறகு போட்டாள். எழுதினாள். நெருப்பைப் பார்த்தாள். மறுபடி மணி அடித்தது, மறுபடி விறகு. வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நான் தயாராகிவிட்டேன்.

"ஓம்," என்றாள் எட்டு நிமிடம் கழித்து. "முந்நூறு உருப்படி இருக்கு, கப்பலிலை போகவேணும். சுத்திக் கட்ட ஆள் வேணும். பழைய பேப்பர் வேணும், கனக்க."

ஐந்தே காலுக்குப் புறப்பட்டேன், இல்லாவிட்டால் 6.25 போய்விடும். கட்டிப்பிடிக்க முடியவில்லை, அவள் உடுப்பெல்லாம் கரி, அதோடு மணி அடித்துவிட்டது. காட்டு வளைவு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புகை எழும்பிப் பிறகு மெலிந்தது. பேருந்தில் வேறு சாரதி. 7.20க்குக் கோப்ளென்ஸில் இருந்து ரயில், ஒன்பது மணிக்குக் கேல்ன், பத்துக்கு வீடு. சுதன் கதவைத் திறந்து, "என்னவாம்?" என்றார். "போறாளாம்," என்றேன். அவர் சாப்பாட்டைச் சூடாக்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகம் பூட்டு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில பட்டறைகள் விறகுச் சூளை எரிக்கின்றன, எப்போது என்று அருங்காட்சியகத்தில் கேட்டால் சொல்வார்கள். காட்டுப் பாதைக்கு நல்ல சப்பாத்துப் போடுங்கள். சூளைப் பக்கம் நைலோன் உடுப்பு வேண்டாம், பொறி பறக்கிறது, என் ஜாக்கெட்டில் இரண்டு ஓட்டை. சின்னப் பட்டறைகளில் வங்கி அட்டை எடுப்பதில்லை, காசு கொண்டுபோங்கள். ஒரு உப்புக் கூசா நாற்பது யூரோவில் இருந்து இருக்கிறது. எரிகிற சூளைக்கு முன் இருக்கிறவரோடு அவசரமான கதை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். போவதற்கு முன் ஒரு செய்தி அனுப்புங்கள். சுதன் சொன்னது சரி, இதை அவருக்குக் காட்ட வேண்டாம்.

ஒரு உதவியும் கேட்க வேண்டும். அக்டோபர் பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை, நான் மறுபடி போகிறேன், இந்த முறை காரில். வுப்பர்டாலிலும் ஹம்மிலும் இருப்பவர்கள் அதுவரைக்கும் வீட்டுக்கு வரும் பத்திரிகைகளையும் விளம்பரத் தாள்களையும் எறியாமல் எனக்காக எடுத்து வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். மினுங்கும் தாள் வேண்டாம், வழுக்கும். ஒரு கிண்ணத்துக்கு நாலு தாள் என்று பார்த்தாலும் ஆயிரத்து இருநூறு வேண்டும். அவ்வளவு தூரம் போகப் போகிறவை, ஒன்றுகூட உடையாமல் போய்ச் சேரும்படி கட்டிக் கொடுக்கப் போகிறேன். கடைசிப் பெட்டியைக் கட்டி முடித்த பிறகு மிஹோவிடம் கேட்பேன், நான் அங்கே வரட்டுமா என்று. யோசிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். நான் பேசாமல் இருப்பேன்.